பின்கதவில் பெரட்டு

எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் குடியிருந்தவள் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருந்த நாட்களில், அவளிடம் பேச வேண்டியதை நான் தேங்காய் திருவும்போது ஒத்திகை பார்ப்பேன். கூரைத் தகரம் ஒழுகுவதில் தொடங்கி, கரண்ட் பில் ஏறியது, என் பென்சன் ஏறாதது என்று பேச்சு ஒழுங்காகப் போகும். முப்பத்திரண்டு வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகிய தொண்டை. ஆனால் அவளை நேரில் கண்டால் பாதி மறந்துவிடும். மறந்துவிட்டதே என்ற கோபமும் அவள் கணக்கிலேயே சேரும்.

ஹட்டன் டவுனிலிருந்து பத்து நிமிடம் மேடு ஏறினால் எங்கள் வீடு. நான் ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில், பின்பக்கம் ஓர் அறையும் சமைக்கச் சின்னக் குசினியும் கட்டி வாடகைக்கு விட்டோம். அவள் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். மகளுக்கு உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்க ஹட்டன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. டயகமவிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து போனால் அந்தப் பிள்ளை எப்போது படிப்பது, எப்போது தூங்குவது. அதனால் தாய் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் சேர்ந்து, மகளோடு எங்கள் அறைக்கு வந்தாள். கணவன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து காசு அனுப்பினான்.

ஒன்றேகால் வருடம் வாடகை சொன்ன தேதிக்கு வந்தது. பிறகு கணவனுக்குக் கையில் கொதி எண்ணெய் ஊற்றி, அவன் வேலையை விட்டுத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தான். இங்கே துணிக்கடையிலும் வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி நல்ல மனிதர்தான். அவளை ஒரேயடியாக நிறுத்தாமல், பெருநாள் வரட்டும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். பெருநாளுக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடந்தது. பரீட்சைக்கோ பத்துக் கிழமைதான், இரண்டரை மாதம்கூட இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒரு சாயந்தரம் அவளைக் கூப்பிட்டு, "இந்த மாசக் கடைசிக்குள்ள பாக்கியக் கட்டுங்க தங்கச்சி. இல்லேன்னா அறையக் காலி பண்ணுங்க. நானும் எத்தனை நாளைக்குப் பாக்கிறது" என்றேன்.

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதிர்த்துப் பேசியிருந்தால் இன்னும் சுலபம். அவள், "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"பரீட்சை முடியிற வரைக்கும் பாக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்களே பாருங்க. கூரைத் தகரத்துக்குக் காசையும் நீங்களே பாருங்க" என்றேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். சண்டை வந்தால் பேப்பரை விரிக்கத்தான் தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பின்கதவைத் திறந்தால், அவள் நின்றுகொண்டிருந்தாள். தலையில் துண்டு, இடுப்பில் தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் கட்டுகிற படங்குத் துணி, கையில் மம்மட்டி. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தவணை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று என் தொண்டை தயாரானது.

"என்ன தங்கச்சி?"

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் பின்பக்க மேட்டுக்குப் போனாள். வீட்டை ஒட்டி மழைத்தண்ணீர் போகிற கான் மண் விழுந்து அடைத்துக் கிடந்தது. இரண்டு வருடமாக ஆள் பிடித்து வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அதை அவள் வெட்டத் தொடங்கினாள். மத்தியானம் வரை மம்மட்டிச் சத்தம் கேட்டது.

அடுத்த நாளும் ஆறரைக்கு வந்து நின்றாள். அதற்கடுத்த நாளும். நான் கதவைத் திறந்து பார்க்கும்வரை அசைய மாட்டாள். பார்த்த பிறகுதான் வேலைக்குப் போவாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பரிதாபப்பட வைத்து என்னை மடக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில், டீச்சர் வாடகைக்கு வந்த பெண்ணைக் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறாள் என்று பேசமாட்டார்களா? சத்தியமாகச் சொல்கிறேன், அவள் கை கொப்பளித்திருந்ததைவிட ஊர்ப் பேச்சுத்தான் அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் பட்டது.

நான்காம் நாள் பொறுக்க முடியவில்லை. "யாரு இதெல்லாம் ஒன்னய செய்யச் சொன்னா? வாடகைக்குப் பதிலா மம்மட்டியக் காட்டுறியா?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' எல்லாம் 'நீ' ஆகிவிடும்.

அவள் மம்மட்டியைக் கீழே வைத்தாள். "இல்லீங்க டீச்சர். வாடகைய எப்பிடியும் குடுத்துருவேன். அதுவரைக்கும் நான் வேலைக்கு நிக்கிறேன். தோட்டத்து லயத்துல வீட்டுக்கு ஒரு ஆளு பெரட்டுக்குப் போனா, அவங்க இருக்கிற காம்பராவுல யாரும் கை வைக்க மாட்டாங்கல்ல. பரீட்சை முடியட்டும் டீச்சர். அதான் நிக்கிறேன்."

பெரட்டு என்றாள். விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக நின்று, துரையோ கணக்கப்பிள்ளையோ பார்த்து, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. அவள் நான்கு நாளாக என் பின்கதவில் பெரட்டு நின்றிருக்கிறாள். கதவைத் திறந்து பார்த்த துரை நான்.

இது எனக்குத் தெரியாத வழக்கமா? நான் பிறந்ததே வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பரா ஒன்றில். அப்பா செத்தபோது நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி. வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்குக் காம்பரா கிடையாது என்று தோட்டத்தில் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முந்தைய சாதாரணதரப் பரீட்சையில் பெயிலான கணக்குப் பாடத்தை மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருந்த அக்கா, புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போனாள். காம்பரா தப்பியது. அதில் இருந்து படித்துத்தான் நான் டீச்சர் ஆனேன். வீட்டுக்குப் பின்னால் அறை கட்டி, வாடகை வாங்கி, வாசலில் நின்று சத்தம் போடுகிற டீச்சர்.

வெட்கம் வந்தால் எனக்கு நல்ல முறையில் பேச வராது. "நாளையில இருந்து வேலைக்கு வர வேணாம். மம்மட்டியக் கொண்டுபோய் வை" என்றேன். நல்லது செய்துவிட்ட நினைப்போடு உள்ளே போய், நானே ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். அவள் முகம் வெளுத்ததைக் கண்டேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்தரம் பின்பக்கம் பாத்திரம் முட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சட்டி பானையெல்லாம் சாக்கில். மகள் கட்டிலில் உட்கார்ந்து புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"டயகமவுக்குத்தான் டீச்சர். நீங்கதான வேலை இல்லேன்னு சொன்னீங்க." குறையாகச் சொல்லவில்லை. வேலை இல்லை என்றால் காம்பராவும் இல்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. லயத்தில் பிறந்த நான்தான் மறந்துபோய் அதே சொல்லைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஒனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினேன். எனக்குத்தான் இல்லை என்பது கத்தும்போதே தெரிந்தது. அழுகையும் வந்துவிட்டது. "வேலை செஞ்சாலும் செய்யாட்டியும் பரீட்சை முடியிற வரைக்கும் இந்த அறை ஒங்களோடது. பாக்கியப் பத்தி அதுக்குப் பொறகு பேசுவோம். புள்ள, அந்தக் கட்ட அவிழ்."

தாய் நம்பவில்லை. என்னைத் தாண்டி, பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் உள்ளே வந்து, கட்டிலோரமாகக் குந்தி, கயிற்றின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்த்தார். அதற்குப் பிறகுதான் அவள் சாக்கிலிருந்து ஒரு சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் ஆறரைக்குப் பின்கதவில் ஆள் இல்லை. ஏழரைக்கு மம்மட்டிச் சத்தம் கேட்டது. போய்க் கேட்டால், "பாதியில விட்டா மழைக்கு நிக்காதுங்க டீச்சர். முடிச்சிட்டு விட்டுர்றேன்" என்றாள். இந்த முறை நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு புல் வெட்டப் போனேன். அரை மணித்தியாலத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பரீட்சை தொடங்கிய நாள் காலையில், தாயும் மகளும் குடை பிடித்துக்கொண்டு மேட்டை இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். இருப்புக் கொள்ளவில்லை. அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். அக்கா இன்னும் வட்டகொடையில்தான் இருக்கிறாள். முப்பத்தேழு வருடம் கொழுந்து பறித்து, இப்போது முழங்கால் மடங்குவதில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள், "ஏன்டி அப்பிடிக் கத்துற நீ?" என்று என்னைத் திட்டினாள்.

பிறகு, இத்தனை வருடத்தில் கேட்காததைக் கேட்டேன். "அக்கா, நீ மொத நாள் பெரட்டுல நின்னப்போ என்ன நெனச்ச?"

"ஒன்னோட பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாளுன்னு எண்ணிக்கிட்டு நின்னேன்" என்றாள். "அது முடிஞ்சதும் நான் திரும்பிப் போய்க் கணக்குப் பாடத்த எழுதிரலாம்னு நெனச்சேன்."

பரீட்சை முடிந்த அன்றைக்கு நான் சிநேகிதிகளோடு நுவரெலியாவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை அக்காவுக்கும் காட்டினேன். நல்லா இருக்கு என்றாள். கணக்குப் பாடத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு என்ன பாடம்?" என்றாள் அக்கா.

"உயிரியல்."

"சாப்பிட்டுப் போனாளா?"

"சாப்பிட்டுத்தான் போனா."

"நல்லா எழுதட்டும்" என்றாள். "தாய்க்காரிகிட்ட ஒண்ணும் கேட்டுறாத இப்ப."

கேட்கவில்லை. பரீட்சை முடிந்து மகளோடு டயகமவுக்குப் போனவள் பாக்கியில் ஒரு மாதத்துக் காசைக் கொடுத்து அனுப்பினாள். மீதியைத் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அக்காவின் கணக்குப் பாடத்துக்கு என்றேன். அவர் பேப்பரை விரிக்கவில்லை.