ஆறிய கஞ்சி

அண்ணனுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். நீர்க்கஞ்சி மட்டும் கொடுக்கலாம், அதுவும் சூடாக இருக்க வேண்டும் என்றார்கள். அண்ணி கூடவே இருந்தார். கஞ்சி கொண்டுபோவது என் வேலை.

பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். பஸ்ஸில் ஒரு மணி நேரம். என் மனைவி காலை எட்டு மணிக்குக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி, பழைய துண்டால் சுற்றி, ஒயர் கூடையில் வைத்துத் தருவாள்.

முதல் நாள் நேராகத்தான் போனேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அப்பா இறந்தபோதுகூட அழாத மனுஷன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை, மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் தஞ்சாவூரில் இறங்கி, புது ஆற்றுப் பாலத்தருகே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மார்கழி மாதம், ஆற்றுக் காற்று சில்லென்று வந்தது. அவ்வப்போது துண்டை விலக்கித் தூக்கைத் தொட்டுப் பார்த்தேன். முதல் அரை மணியில் சூடு மளமளவென்று இறங்கியது. அப்புறம் மெதுவாக, இறங்குவதே தெரியாமல் இறங்கியது. கடைசியில் தூக்கும் நான் உட்கார்ந்திருந்த சிமெண்டு பெஞ்சும் கைக்கு ஒன்றாகவே இருந்தன. அதற்குப் பிறகுதான் எழுந்து போனேன். அண்ணன் மருந்து மயக்கத்தில் தூங்கும் நேரம் அது என்று எனக்குத் தெரியும்.

தொடர்ந்து ஆறு நாள் இப்படியே செய்தேன்.

மூன்றாம் நாள் அண்ணி கேட்டார். "என்ன தம்பி, கஞ்சி பச்சத்தண்ணி மாதிரி இருக்கு?"

"அவ விடியக்காலமே காய்ச்சி வச்சுடறா அண்ணி. சொன்னா கேக்க மாட்டேங்கறா."

யோசிக்காமல் வாயில் வந்த பொய். ஆனால் மறுநாளும் அதையே சொன்னேன்.

ஆறாம் நாள் அண்ணி என் மனைவிக்குப் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லையாம். "கஞ்சி தெனமும் ஆறித்தான் வருது, நீ விடியக்காலமே காய்ச்சி வச்சுடறியாமே. உனக்கு முடியலன்னா சொல்லிடும்மா. நான் இங்கயே கேண்டீன்ல வாங்கிக்கறேன்" என்றாராம். இவள் "சரிங்கக்கா, நாளைலேருந்து பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் வழக்கம்போலக் கஞ்சி கட்டிக் கொடுத்தாள்.

மத்தியானம் நான் திரும்பி வந்தபோது அடுப்படியில் இன்னொரு தூக்கு, அதேபோலத் துண்டு சுற்றியபடி இருந்தது.

"உங்களுக்குக் குடுத்த அதே கஞ்சிதான், அதே நேரத்துக்கு ஊத்தி வச்சேன்" என்றாள். "ஒன்பதரைக்குத் தொறந்து பாத்தேன், வாயில வைக்க முடியல. பன்னெண்டு மணிக்கு மேலதான் ஆறுச்சு. நீங்க எங்க இருந்தீங்க?"

"பஸ்ஸு லேட்டு."

"எல்லா நாளுமா?"

நான் கூடையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"போகப் பிடிக்கலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல. ஏன் எம்மேல போட்டீங்க?"

அடுத்த நாள் முதல் அவளே போனாள். நான் வீட்டில் இருந்து மாட்டைப் பார்த்துக்கொண்டேன். முதல் நாளே அண்ணி, "இன்னிக்குத்தான் நேரத்தோட காய்ச்சுன போல" என்றாராம். அதற்கும் இவள் "ஆமாக்கா" என்றிருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த "ஆமாக்கா"வைக் கேட்ட பிறகு இரண்டு மாதம் அவள் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை.

அறுவடை முடிந்து அண்ணனும் அண்ணியும் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் கையில் எடுத்த சோற்றோடு நிறுத்தினார். "என்னப் பாக்கப் பயமாடா?"

"ஆமாண்ணே."

அவர் இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டார். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியின் கையைப் பிடித்து, "நான் உன்னத் தப்பா நெனச்சுட்டேம்மா" என்றார்.

"அதுக்கென்னக்கா இப்ப" என்று அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, ரசம் எடுத்துவர உள்ளே போனாள். திரும்பி வந்து எல்லோருக்கும் ஊற்றினாள், எனக்கும் ஊற்றினாள். நான் தலை நிமிரவில்லை.