பச்சை பிடித்த நாற்று

தினமும் காலையில் மூன்று தாள்களைக் கசக்கி எறிந்துவிட்டு நான்காவதில் கையெழுத்துப் போடுகிறார். போட்டதும் பூதக்கண்ணாடியை எடுத்து, முதலெழுத்தின் சுழியிலிருந்து கடைசிக் கோடு வரை சோதிக்கிறார். என் எதிர்வீட்டுக்காரர், வங்கியில் முப்பது ஆண்டுகள் கையெழுத்துச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கொம்பு வளைந்திருந்தாலும் காசோலையைத் திருப்பியனுப்பிய புண்ணியவான். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் வந்தபோது அவர் கையெழுத்தைத்தான் முதலில் பிடித்தது. பெயர் பெரிதாகத் தொடங்கி, போகப் போக எறும்பாகச் சிறுத்துவிடும்.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு மருத்துவ ஆய்வில் சேர்ந்தார். மண்டையில் துளை போட்டு, ஆய்வகத்தில் வளர்த்த நரம்பு செல்களை மூளைக்குள் வைப்பார்கள். அதுவும் பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, துளையும் தையலும் மட்டும். யாருக்கு எது என்று ஆய்வு முடியும்வரை சொல்லமாட்டார்கள். இவருக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை.

"நாத்து நட்டிருக்காங்க. பச்சை புடிச்சிருச்சு" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்தி, தொப்பியைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார். தொட்டுப் பார்க்கவும் சொல்வார். நானே இரண்டு முறை தொட்டிருக்கிறேன். பிறகு ஏன் சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறார் என்று கேட்டால், அவளுக்கும் பொழுது போக வேண்டாமா என்பார். காபி தளும்பினால் கோப்பை சரியில்லை.

போன வாரம் ஆய்வு முடிந்து, மருத்துவமனைப் பெண் வீட்டுக்கே வந்தாள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். இவருக்கு வெறும் துளைதான் என்றாள். வெறும் துளைக்காரர்களுக்கு இப்போது நிஜமாகவே செல்களை வைக்கப்போகிறார்களாம். அதற்கு, கை சரியாகவில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும்.

"அப்ப இவ்வளவு நாளா நல்லாயிருந்துச்சே, அது என்ன?"

"அது உங்க நம்பிக்கை சார்" என்றாள், மிகுந்த மரியாதையோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. தெருவே தழும்பைத் தொட்டுப் பார்த்தாயிற்று. இனி எந்த முகத்தோடு கை சரியாகவில்லையென்று எழுதிக் கொடுப்பார்? தாளைத் தள்ளிவைத்தார். மறுபடி இழுத்துக்கொண்டார். பேனா முனை காகிதத்தில் தாளம் போட்டது.

மனைவி அவரைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்கும் வயசாகுதுங்க. எத்தனை நாளைக்குத்தான் பொத்தான் போடுறது?"

அவர் பேனாவை விடவில்லை. கையெழுத்துப் போடப் பிடித்துக்கொள்ளும்படி மணிக்கட்டை மட்டும் மனைவியின் பக்கம் நீட்டினார்.