கிணற்றிலிருந்து பிரித்த நிலம்

அந்த மலையூருக்கு வண்டிப்பாதை கிடையாது. ஃபுளோரெஸ் தீவின் கடற்கரையில் லாரி ஏறி, அது நிற்கிற இடத்திலிருந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். அட்டைகள் காலில் ஏறும். மேலே போய்ச் சேர்ந்ததும் மேகம் விலகி, வைக்கோற்போர்களைப் பெரிதாக்கி நிறுத்தியது போல ஓலை வீடுகள் தெரியும். கூரை தரை வரை இறங்கி வருவதால் சுவர் கண்ணில் படாது. ஊர் நடுவில் வட்டமாகக் கல் அடுக்கிய மேடை. அதைச் சுற்றிப் பாய் விரித்துக் காப்பிக்கொட்டை காயவைத்திருப்பார்கள். ஒரு நாளில் பலமுறை மழை வரும். பெண்கள் ஓடிவந்து பாயைச் சுருட்டுவார்கள், வெயில் வந்தால் திரும்ப விரிப்பார்கள். அவர்கள் அலுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

ரங்கூனில் நான் வேலை பார்த்த விவசாயப் பயிற்சி அலுவலகம் என்னை அங்கே அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரிப் படிப்பையும் முடித்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பாவும் சித்தப்பாவும் போட்டாதாங் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். தேர்வு முடிவுப் பலகையில் என் பெயர் ஒட்டப்பட்ட அன்றிலிருந்து சித்தப்பா என்னை ‘சயாமா’ என்றுதான் கூப்பிடுவார். பர்மிய மொழியில் ஆசிரியை என்று பொருள். அவர் வாயில் அது பாதி பெருமை, பாதி குத்தல்.

மலையூருக்குப் போனதும் பையைக் கீழே வைக்க விடவில்லை. முதலில் பெரிய வீட்டுக்குள் அழைத்துப்போனார்கள். ஒரு முதியவர் வெற்றிலையை முன்னால் வைத்து, என்னைக் காட்டி, இறந்துபோன முன்னோர்களிடம் ஏதோ சொன்னார். இனி நான் விருந்தாளி இல்லை, அந்த வீட்டுப் பிள்ளை என்று பள்ளி ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்கினார். பிள்ளை என்றால் வேலையும் உண்டு. மறுநாள் விடியலில் என் கையில் உலக்கையைக் கொடுத்துவிட்டார்கள்.

நான் இருந்த பருவத்தில், நெடுநாள் சும்மா கிடந்த ஒரு பொது வயலைத் திரும்பப் பிரித்தார்கள். நம் ஆட்கள் செய்வது போல நீளவாக்கில் வெட்டவில்லை. வயலின் நடுவில் ஒரு மரக்கோல் நட்டார்கள். ஒருவர் அந்தக் கோலைச் சுற்றிக் கட்டைவிரலை வைத்து வைத்து, இது இந்த வீட்டுக்கு, இது அந்த வீட்டுக்கு என்று குறித்தார். ஒவ்வொரு குறியிலிருந்தும் கயிறு எல்லை வரை போனது. மேலிருந்து பார்த்தால் சிலந்தி வலை. நடுவில் விரல் அகலமாக இருக்கும் பங்கு, ஓரத்துக்குப் போகப் போக வயலாக விரிந்தது. பாறைப் பக்கம் விழுந்த வீட்டுக்கு ஒரு விரல் கூடுதல். எல்லாருக்கும் ஒரே ஆளின் விரல்தான் அளவு. ஏதாவது ஒரு வீட்டார் வந்து சேரவில்லை என்றால் அளக்கத் தொடங்குவதே இல்லை. அன்று ஒரு வீட்டுக்காரர் கீழ்ச்சந்தையிலிருந்து ஏறி வரும் வரை ஊரே வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் தங்கிய வீட்டு அம்மாவிடம் கேட்டேன்: “உங்கள் விரல் எங்கே?”

அவர் சிரித்துக்கொண்டே கணவரின் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். “இதிலேதான் என்னுடையதும்.”

அந்தப் பதிலை மட்டும் நான் ஊருக்குக் கொண்டுவரவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு சண்டை முற்றியிருந்தது. தாத்தா விட்டுப்போன மனை தன்லியின் என்ற ஊரில் இருக்கிறது. ரங்கூனிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் போக வேண்டும். நான்கு மாமரம், ஒரு பலா, நடுவில் ஒரு கிணறு. அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் கோடையில் உப்புக் கரிக்கும். இது மட்டும் கரிக்காது. கிணறு இல்லாத துண்டு நிலத்தை வைத்து அங்கே எதுவும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை வேலி போடப்போவதாகச் சித்தப்பா சொல்லிவிட்டார். கிணற்றோடு முன்பாதி அவருக்கு, பள்ளமான பின்பாதி அப்பாவுக்கு.

“எனக்கு ரெண்டு ஆம்பளப் பிள்ளைங்க. அண்ணனுக்கு ஒரே பொண்ணு. நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறவளுக்குக் கெணறு எதுக்கு?” என்றார்.

அப்பாவுக்கு மூட்டை தூக்கி முதுகு போயிருந்தது. குரலும் அதோடு தணிந்துபோயிருந்தது. “விட்டுக் குடுத்துரலாம்மா. கூடப் பொறந்தவன்.”

“அத்தையும் கூடப் பொறந்தவங்கதானே? அவங்களக் கேட்டீங்களா?”

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: “கேக்கறதக் கேளு. வாயக் கொஞ்சம் கொறச்சுக் கேளு.”

வாயைக் குறைக்கவில்லை. சனிக்கிழமை க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போனேன். அத்தை அங்கே கருவாடு விற்கிறார். கணவர் இறந்த பிறகு அவராகவே போட்ட கடை. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தும் கையில் ஈ விரட்டும் விசிறியுமாக உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு மனை பிரிக்கிறாங்க. நீங்க வரணும்.”

“என்னை எவன் கூப்பிட்டான்?”

“நான்தான் கூப்பிடறேன்.”

அத்தை விசிறியை நிறுத்தினார். “அந்தக் கெணறு வெட்டறப்ப மண்ணு சொமந்தவ நான்டி. இவனுங்க ரெண்டு பேரும் மேட்டுல நின்னு வேடிக்க பாத்தானுங்க.” திரும்ப விசிறிக்கொண்டே, “பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்றார்.

ஞாயிறு காலை சித்தப்பா மூங்கில் முளைகளோடு தயாராக நின்றார். அத்தையைக் கண்டதும் முகம் மாறியது. “சயாமா மலை ஏறிட்டு வந்ததுலேருந்து நாட்டாமை பண்ணுது.”

நான் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். கிணறு நடுவில். மூன்று பங்கு. மூன்றும் கிணற்றைத் தொடும். யாரும் யார் நிலத்திலும் கால் வைக்காமல் தண்ணீர் எடுக்கலாம்.

சித்தப்பா குனிந்து பார்த்தார். மூட்டை அடுக்கிப் பழகிய கண், உடனே பிடித்துவிட்டது. “உன் மலையில வயலு வட்டம். இது சதுரம். மூலைக்குப் போற துண்டு பெருசாயிரும். ரோட்டுப் பக்கம் சின்னதாயிரும். இதத்தான் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா?”

அவர் சொன்னது சரி. வட்டத்தை அப்படியே தூக்கிவந்து சதுரத்தில் போட்டிருந்தேன். காது சுட்டது. ஆனால் திரும்பிப் போகத் தோன்றவில்லை. பாறைக்குக் கொடுத்த கூடுதல் விரல் நினைவுக்கு வந்தது.

“ரோட்டுப் பக்கம் நீங்களே எடுத்துக்கங்க சித்தப்பா. கடை போடலாம். துண்டு சின்னதா இருக்கறதால கெணத்து விளிம்புல ஒரு அளவு கூட. பள்ளம் வர்ற பங்குக்கும் ஒரு அளவு கூட. நல்ல மூலைக்கு மட்டும் கூடுதல் கெடையாது.”

“நல்ல மூல யாருக்கு?”

“அத்தைக்கு.”

“பள்ளம்?”

“எங்களுக்கு. மண்ணு போட்டு ஒசத்திக்கறோம்.”

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, “டேய், அவ உனக்கு ரோட்டக் குடுத்துட்டா. இன்னும் என்னடா வேணும்? கெணத்தத் தூக்கி மடியில கட்டிக்கிறியா?” என்றார். அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

சித்தப்பா முளைகளைக் கீழே போட்டார். “சரி. நான் அளக்கறேன்.”

அதற்குத்தான் அப்பா அன்று முதல்முறையாக வாய் திறந்தார். “நீ வேணாம். நானும் வேணாம். என் பங்கு நாளைக்கு அவளுக்குத்தான். அவ கை வெச்சு அளக்கட்டும்.”

கிணற்றின் விளிம்பு விரலால் அளக்க முடியாத அளவுக்குப் பெரிது. அதனால் சாண் போட்டேன். அத்தை கரித்துண்டால் கோடிழுத்துக்கொண்டே கூட வந்தார்.

“சயாமா கை சின்னது,” என்றார் சித்தப்பா, விடாமல்.

“எல்லாருக்கும் அதே சின்னக் கைதான் சித்தப்பா.”

சித்தப்பா கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு அவராகவே மனையின் எல்லையை நோக்கி நடந்தார். கடைசிக் கோடு எங்கள் பங்கு தொடங்கும் இடம். சிமெண்ட் விளிம்பு வெயிலில் கொதித்தது. கயிறு அந்தப் பக்கம் முளையைத் தொடும் வரை நான் கையை எடுக்கவில்லை.