யாகப்பர் பிடுங்கிய ஏர்த் கம்பி

என் கணவரின் அண்ணன் யாகப்பரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் நான் மூன்றோடு நின்றுவிடுவேன். கடல் தெரிந்த மனிதர். ஞாயிறு பூசை தவறவிடமாட்டார். குடிக்கமாட்டார். மிச்சமெல்லாம் வீம்பு.

யுத்தம் முடிந்து நாங்கள் தோட்டவெளிக்குத் திரும்பியபோது காணியில் வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. முள் உடைமரம்தான் குடியிருந்தது. ஆளுக்கொரு தடியை நட்டு இது என்னுடையது என்றார்கள். ஒருவர் நட்டதை மற்றவர் பிடுங்குவதே அந்த வருடங்களில் ஊருக்குப் பெரிய வேலையாக இருந்தது. என் மாமனார் காணியை இரண்டு மகன்களுக்கும் வாயால் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியவர். நடுவில் ஓர் அடி நிலம் யாருக்கு என்று சொல்லாமல் போய்விட்டார். என் கணவர் கொன்ஸ்ரன்ரைன் கட்டாருக்கு வேலைக்குப் போக, அந்த ஓர் அடிச் சண்டை என் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது வயரிங் செய்தவர் ஏர்த்துக்கென்று ஆள் உயரச் செம்புக் கம்பி ஒன்றை அந்தப் பாழாய்ப்போன ஓர் அடிக்குள்தான் அடித்து இறக்கினார். பச்சை வயர் ஒன்றை அதில் முறுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான் திரும்பியும் பார்க்கவில்லை.

விடுமுறையில் வந்த கணவர் மகள் நிறஞ்சலாவுக்கு மின்சாரக் கிற்றார் ஒன்றும், அதன் சத்தத்தைக் கூட்ட யாரோ பாவித்த அம்ப் பெட்டி ஒன்றும், கொம்பியூட்டர் ஒன்றும் வாங்கித் தந்துவிட்டுப் போனார். கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பது அவள்தான். தவக்காலப் பாட்டொன்றைக் கொம்பியூட்டரில் பதிந்து அப்பாவுக்கு அனுப்பவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மன்னார் ரவுணில் கொம்பியூட்டர் திருத்தும் பார்த்தீபன் வந்து எல்லாவற்றையும் இணைத்துப் பூட்டிக் கொடுத்தான். நறுவிலிக்குளத்துப் பிள்ளை, பொறுமையானவன்.

"அக்கா, அம்பிலை ஸ்பீக்கருக்குப் போற ஓட்டையிலை இருந்து வயரை எடுத்துக் கொம்பியூட்டருக்குக் குடுத்துப்போடாதேங்கோ, எரிஞ்சுபோம். ஹெட்போன் ஓட்டையிலை இருந்துதான் எடுக்கவேணும். சத்தத்தை அடியோடை குறைச்சு, எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு வயரைக் குத்துங்கோ. பிறகு சுவிச்சைப் போடுங்கோ. ரெண்டும் ஒரே பிளக் போர்ட்டிலை இருக்கட்டும். மூண்டு பின் பிளக்தான், மறக்கவேண்டாம்."

நிறஞ்சலா அதை ஞானோபதேசம்போல் பாடமாக்கி வைத்திருந்தாள். ஒரு வரியையும் அவள் மீறவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் அவள் தலைக்குக் குளித்துவிட்டு, வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று, சுவிச்சைப் போட்டுவிட்டுக் கிற்றாரைத் தொட்டாள். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த எனக்கு "அம்மா" என்ற ஒரு சத்தமும் ஆள் விழுந்த சத்தமும்தான் கேட்டன. ட்ரிப் சுவிட்ச் விழுந்து ஃபேன் நின்றுவிட்டிருந்தது. பிள்ளை சுவரோரம் கிடந்தாள். இடக்கை விரல் இரண்டு வெந்து வெளிறியிருந்தன. மீன் கையாலேயே அவளைப் பிடித்து உலுக்கினேன். என் பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆசுபத்திரியில் காட்டி மருந்து கட்டிக்கொண்டு வந்ததும் பார்த்தீபனைத் தொலைபேசியில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் மோட்டார் சைக்கிளில் வந்து அம்பைக் கழற்றினான். உள்ளே ஒரு வயரின் தோல் தேய்ந்து இரும்பில் முட்ட, கரண்ட் கிற்றார்வரைக்கும் போயிருந்தது.

"இது பழுதுதான் அக்கா, நான் திறந்து பாத்திருக்கவேணும். ஆனா ஏர்த் இருந்திருந்தா, பிள்ளை தொட முதலே சுவிச் விழுந்திருக்கும். உங்கடை ஏர்த் கம்பி எங்கை?"

வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். வெட்டுப்பட்ட பச்சை வயர் மட்டும் சுவரில் தொங்கியது. கம்பி அடுத்த வளவில் நின்றது. அதில் யாகப்பரின் ஆடு கட்டியிருந்தது.

என் காலில் செருப்புக்கூட இல்லை. நிறஞ்சலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் முற்றத்தில் போய் நின்றேன்.

"அத்தான், அந்தக் கம்பியைத் தாங்கோ."

"என்ரை காணிக்குள்ளை நட்டது என்ரைதான். எல்லைக்குக் கம்பி நட்டது போதாதெண்டு, பிடுங்கேலாதபடி வயராலை கட்டியும் வைச்சிருந்தாய்."

"எல்லைக் கம்பியோ? உங்கடை தம்பியின்ரை பிள்ளையின்ரை கையைப் பாருங்கோ!"

பார்த்தீபன் என்னை விலக்கிவிட்டு, "ஐயா, பழுதிலை வாற கரண்டை மண்ணுக்குள்ளை இறக்கிறது அந்தக் கம்பிதான். அது இல்லாததாலை பிள்ளைக்கு மேலாலை போயிருக்கு" என்றான்.

யாகப்பர் நிறஞ்சலாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். ஆட்டை அவிழ்த்துவிட்டுக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்பக்கம் நடந்தார். முன்பு நின்ற அதே இடத்தில், உச்சி வெயிலில் தானே சம்மட்டியால் அடித்து இறக்கினார். பார்த்தீபன் வயரைப் பூட்டினான்.

"கோடை காலத்திலை மணல் காயவிடாமல் தண்ணி ஊத்துங்கோ அக்கா. காஞ்ச மணலிலை கம்பி நிண்டும் பிரயோசனமில்லை."

யாகப்பர் மனம் மாறிவிட்டார் என்று நீங்கள் நினைத்தால், அந்த மனிதரை உங்களுக்குத் தெரியாது. அடுத்த நாளே கிராம அதிகாரியான விதானையாரிடம் போய், தம்பி பெண்சாதி தன் காணிக்குள் கம்பி நட்டிருக்கிறாள் என்று முறைப்பாடு கொடுத்தார். தன் கையால் அடித்த கம்பிக்குத்தான்! கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றோடு பேச்சு அறுந்தது. திட்டவேண்டுமானால் அவர் தன் ஆட்டைப் பார்த்துத் திட்டுவார், நான் என் கோழிகளைத் திட்டுவேன்.

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலடியில் கொட்டில் போட்டுத் தங்கிவிட்டு நானும் மகளும் திரும்பினோம். வந்ததும் வராததுமாக நிறஞ்சலா கிற்றாரை எடுத்தாள். அம்பைப் பார்த்தீபன் திருத்தியிருந்தான், ஆனாலும் எனக்குப் பின்பக்கத்துக் கம்பிதான் நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் வெயிலில் மணல் காய்ந்து கிடக்குமே. "தொடாதை, நில்லு" என்று கத்திவிட்டு வாளியோடு பின்பக்கம் ஓடினேன்.

கம்பியைச் சுற்றி மணல் ஈரமாக இருந்தது. அவர் வளவுப் பக்கமிருந்து கம்பிவரைக்கும் கால்தடம்.

தன் வளவுக்குள் யாகப்பர் ஆட்டுக்கு இலை குழை போட்டுக்கொண்டிருந்தார். "மடுவுக்குப் போறவை தண்ணி ஊத்த ஒரு ஆளை வைச்சிட்டெல்லோ போகவேணும், என்ன?" என்று அதனிடம் கேட்டார்.

கொண்டுபோன வாளித் தண்ணீரையும் அதே இடத்தில் ஊற்றிவிட்டு வந்து, "இப்ப போடு சுவிச்சை" என்று மகளுக்குச் சொன்னேன்.