சோடியம் இறங்கிய இருபது நிமிடம்

எங்கள் ஆய்வகம் திண்டிவனத்துக்கு வெளியே இருக்கிறது. மிகத் தூய செம்பில் எந்த அழுக்கு எவ்வளவு என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பது என் வேலை. நூறு கோடி அணுவில் ஒன்று வேறாக இருந்தாலும் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தப் பங்குனியில், அடுத்தடுத்து இரண்டு தடவை வார்த்த செம்பில் சோடியம் அதிகம் என்று எழுதிக்கொடுத்திருந்தேன். வார்த்தவர் கிளியனூர்க்காரர், என்னைவிட மூத்தவர், ஒப்பந்தத்தில் இருப்பவர். மூன்றாவதும் அப்படி வந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதனால் மூன்றாவது துண்டை அளக்கும் அன்று வார்த்தவரே வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"நான் பாத்துக்கினு இருக்கறேன் சார். நீங்க உங்க வேலையப் பாருங்க."

இயந்திரத்துக்குள் ஆர்கான் வாயு செம்பின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். மேலே ஒட்டிய அழுக்கென்றால் எண் இறங்கும். உள்ளே கலந்ததென்றால் அப்படியே நிற்கும். இருபது நிமிடம் சுரண்டிய பிறகுதான் அளவை எழுத வேண்டும். முந்தைய இரண்டு தடவையும் நான் ஐந்தே நிமிடத்தில் எழுதியிருந்தேன். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு பிடிக்கிற அவசரம்.

"எப்டி சார் இருக்குது?"

"அதிகமாத்தான் இருக்குண்ணே."

ஏழாவது நிமிடம் எண் லேசாக அசைந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு நாளும், இன்றைக்கும், டீ நேரத்தில் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, தின்றேன். உப்புப் போட்டு அவித்தது. அவர் நிலத்தில் விளைந்து, அவரே கொண்டுவந்து கொடுத்தது. கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு, அதே கையால் கையுறையை இழுத்து மாட்டி, அதோடு செம்பைத் தொட்டிருக்கிறேன்.

வியர்த்துக் கொட்டியது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று யோசித்தேன். பதினாறு வருடமாக அது அங்கேயேதான் இருக்கிறது.

எண் இறங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவர் செம்பு கெட்டதாகவே இருக்கட்டும், என் கை தப்பட்டும் என்று. சிரிப்பு வருமென்றால் எதையும் சொல்கிறவன் நான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"எறங்குது சார்! எறங்கிக்கினே இருக்குது!"

இருபதாவது நிமிடம் சோடியம் இருந்த இடமே தெரியவில்லை. அவர் தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அப்ப முன்ன ரெண்டுத்துல மட்டும் எப்டி சார் வந்துச்சு?"

ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பியிருக்கலாம்.

"செம்புல இல்லண்ணே. என் கையில இருந்தது. அவசரத்துல பாதியிலேயே எழுதிட்டேன்."

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

"மேனேஜருக்கு எழுதுங்க சார். நான் இங்கியே இருக்கறேன்."

எழுதினேன். படிக்கச் சொன்னார். படித்தேன்: "முந்தைய இரண்டு அளவுகளும் செல்லாது. அந்தத் துண்டுகளை மறுபடி அளக்க வேண்டும். பிழை, மாதிரியைக் கையாண்டவரால் நேர்ந்தது."

"கையாண்டவருன்னா யாரு சார்? அந்த ரெண்டு பேப்பர்லயும் எம் பேரப் போட்டுத்தான எழுதினீங்க?"

அந்தச் சொல்லை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். இனிஷியலையும் போடச் சொன்னார்.