கோல சிலாங்கூரில் லண்டன் தலைவர்களுக்குப் பெரட்டு எடுத்த நாள்

கோல சிலாங்கூருக்கு பஸ்ஸிலேயே போய் வர முடியுமா என்று என் பேத்தியின் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் முதன்முதலில் அங்கே போனது 1987 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் பார்க்கப் போகவில்லை. லண்டனில் அடுத்த பிரதமர் யார் என்று சொல்லப் போனேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

பத்தாங் காலியிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே எங்கள் தோட்டம். நான் அங்கே பால்மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. தோட்டத்து வாசகசாலைக்கு தினமும் தமிழ்ப் பத்திரிகை வரும், ஆனால் ஆண்கள் மட்டும்தான் உள்ளே உட்காரலாம். என் மகள் தேவி அப்போது ஐந்தாம் படிவம், பதினேழு வயசு. வாசலில் நின்றபடி, உள்ளே யாராவது பக்கம் புரட்டும்போது எட்டி எட்டிப் படிப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வாசகசாலைச் சாவி, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சண்முகத்திடம் இருந்தது.

கோல சிலாங்கூர் கோயில் மண்டபத்தில் ஆறு தோட்டங்களுக்கும் சேர்த்துப் பேச்சுப் போட்டி வைப்பார்கள். அந்த வருஷத் தலைப்பு, ‘லண்டனில் ஆட்சி மாறுமா? தலைவர்களை எடைபோடுக.’ அடுத்த மாதம் அங்கே தேர்தல். லண்டன் எங்களுக்கு அந்நியம் இல்லை. தோட்டத்துப் பழைய முதலாளிகள் அங்கேதான் இருந்தார்கள். தோட்டம் கைமாறிய பிறகும் மானேஜரை நாங்கள் ‘துரை’ என்றுதான் கூப்பிட்டோம். வழக்கமாகக் கிராணியே போய்ப் பேசுவார். அந்த முறை வேலைக்காட்டில் உழைக்கிறவர்தான் பேச வேண்டும் என்று விதியை மாற்றிவிட்டார்கள். லண்டன் என்றதும் ஆண்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

“நீயா? ஏழு நிமிஷம் மேடையில நிக்கணும்லா,” என்றார் கிராணி.

“தினம் நாலு மணி நேரம் நின்னு மரம் வெட்டுறேன் கிராணியாரே, ஏழு நிமிஷம் நிக்க மாட்டேனா? ஆனா ஒண்ணு. நான் ஜெயிச்சா வாசகசாலைச் சாவி எங்க கைக்கு வரணும். பொம்பளப் பிள்ளைங்களும் உள்ள உக்காந்து படிக்கணும்.”

“தோத்தா?”

“அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

பத்துப் பேர் முன்னால் சரி என்றார். அவரே நாலு பக்கம் பேச்சு எழுதியும் கொடுத்தார். அழகான தமிழ். எதிர்க்கட்சித் தலைவர்தான் புதுப் பிரதமராக வருவார் என்று முடித்திருந்தார். எனக்கு அதில் சம்மதமில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருக்கும் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிப் படிக்கிறவள் நான். எனக்கென்று ஒரு கணிப்பு இருந்தது. அவர் எழுத்துக்கு மேல் நான் என்ன பேச என்று வாயை மூடிக்கொண்டேன்.

நான், தேவி, கிராணி மூவரும் காலை ஆறரைக்குத் தோட்டத்து லோரியில் கிளம்பினோம். பத்தாங் காலியில் 7.10 பஸ். ரவாங் வரை சுமார் இருபது கிலோமீட்டர், அன்றைக்கு ஆளுக்கு டிக்கெட் ஒரு வெள்ளி பத்து காசு. சுங்கை சோவில் கூடையும் பையுமாகக் கூட்டம் ஏறியதில் என் பட்டுச்சேலை கசங்கியதுதான் மிச்சம். ரவாங்கில் எட்டேகாலுக்கு அடுத்த பஸ். கோல சிலாங்கூருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், இரண்டு வெள்ளி முப்பது. பத்தாங் பெர்ஜுந்தை தாண்டினால் இரண்டு பக்கமும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம்தான், வேறொன்றும் தெரியாது.

கண்டக்டர் என் சேலையைப் பார்த்தார். “கல்யாணமா அக்கா?”

“இல்ல தம்பி. லண்டன் பிரதமர் யாருன்னு முடிவு பண்ணப் போறோம்.”

“ஐயையோ, அப்ப தப்பு பஸ்லா! சுபாங் ஏர்போர்ட் பஸ்ஸுல ஏறியிருக்கணும்!” பஸ்ஸே சிரித்தது. கிராணி மட்டும் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு இறங்கினோம். போட்டி இரண்டு மணிக்கு என்பதால் மெலாவத்தி குன்றில் ஏறினோம். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மேலே கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்ச வீடு, பழைய பீரங்கிகள், கீழே ஆறு கடலில் கலக்கும் இடம். காற்று அப்படி வீசும். சாம்பல் நிறக் குரங்குகள் சாது, கையில் வைத்துக் கொடுத்தால் மரியாதையாக வாங்கிக்கொள்ளும். நீளவால் குரங்கு அப்படி இல்லை. நான் பையைத் திறந்து வடையை எடுக்கப் போனேன். ஒன்று பாய்ந்து பையோடு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. வடை போனால் போகட்டும், கிராணி எழுதிய நாலு பக்கமும் அந்தப் பைக்குள்தான்.

கிராணி பீரங்கி மேலேயே உட்கார்ந்துவிட்டார். “முடிஞ்சுது. உனக்கு எத்தனை பக்கம் மனப்பாடம்?”

“ஒண்ணு. மத்தத பார்த்துப் படிக்கலாம்னு இருந்தேன்.”

தேவி என் கையைப் பிடித்தாள். “அம்மா, வீட்டுல சமைச்சுக்கிட்டே எனக்குச் சொல்லுவியே, லண்டன்காரங்களுக்கு மண்டோர் பெரட்டு எடுத்தா எப்படி இருக்கும்னு. அதையே பேசும்மா.” பெரட்டு என்றால் மண்டோர், அதாவது மேஸ்திரி, விடியுமுன் எங்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது.

மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு முன் பேசிய ஐந்து பேரும் ஆட்சி மாறும் என்றார்கள். நான் மேடை ஏறி, வாயைத் திறந்த முதல் வாக்கியத்திலேயே சறுக்கினேன். “லண்டன் மந்திரி புசார் அம்மாவைப் பத்தி…”

மந்திரி புசார் என்றால் நம் சிலாங்கூர் மாநில முதலமைச்சர்; நான் சொல்ல வந்தது லண்டன் பெண் பிரதமரை. கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். கிராணி தலையில் கை வைத்ததைப் பார்த்தேன். பக்கத்தில் தேவியும் தெரிந்தாள். எனக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது.

“எதுக்குச் சிரிக்கிறீங்க? புசார்னா பெரியவர்தானே? லண்டன்ல இருக்கிறவங்க என்ன சின்ன மந்திரியா?”

சிரிப்பு கைதட்டலாக மாறியது. அப்புறம் நான் நிறுத்தவில்லை.

“ஒருத்தர் கையில பால் வெட்டுற உளியைக் கொடுக்குமுன்ன மண்டோர் மூணு பார்ப்பாரு. பட்டையில காயம் படுதா, மங்குக் கிண்ணத்துல பால் நிறையுதா, மழை இருட்டினா மர நிரையை விட்டுட்டு ஓடுற ஆளா? இப்ப இருக்கிற அம்மா ஆழமா வெட்டுறவங்க. சுரங்க வேலை பறிபோனவங்களைக் கேளுங்க, காயத்தைக் காட்டுவாங்க. ஆனா மழைக்கு ஓட மாட்டாங்க. எதிர்க்கட்சித் தலைவர் காயத்துக்கு மருந்து பூசுறேங்கிறாரு. எனக்குப் பிடிச்சவர் அவர்தான். ஆனா அவரோட மங்குல எவ்வளவு பால்னு இன்னும் யாரும் பார்க்கல. மூணாவது கூட்டணிக்குத் தலைவர் ரெண்டு பேர். ஒரே மரத்துல ரெண்டு உளி! எந்தத் தோட்டத்துல நடக்கும்? எனக்குப் பிடிச்சவருக்காகத் தராசுல விரலை வைக்க மாட்டேன். அந்த அம்மாதான் மறுபடியும் வருவாங்க.”

நடுவர் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். எழுந்து நின்று, “மத்தவங்க ஆசையைச் சொன்னாங்க. இந்த அம்மாதான் எடைபோட்டாங்க,” என்றார். முதல் பரிசு எங்கள் தோட்டத்துக்கு! ஒரு சுவர்க் கடிகாரம். தேவி அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நாலரை மணி பஸ்ஸில் நான் கையை நீட்டினேன். “சாவி?”

கிராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பரிசு சரி. நீ சொன்னது பலிக்கட்டும், அப்புறம் பார்ப்போம்.”

இப்படியும் ஒரு மனுஷன்.

இப்போது போகிறவர்களுக்கு: காலையிலேயே குன்றில் ஏறிவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. குரங்கு முன்னால் பையைத் திறக்காதீர்கள். வடையையும் முக்கியமான காகிதத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கார் இருந்தால் பக்கத்து மீனவர் ஊரான ஜெராமில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். நான் சொன்ன பஸ் கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, அதை வைத்து யாரிடமும் சண்டை போட வேண்டாம்.

போட்டி முடிந்து அடுத்த மாதம் லண்டன் தேர்தல் முடிவு வந்தது. எனக்குத் தெரியாது, நான் வழக்கம்போல் விடியுமுன் பெரட்டில் வாளியோடு நின்றேன். அன்று மண்டோருக்குப் பதில் கிராணியே பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்ததும் நிறுத்தினார். இரவு ரேடியோ கேட்டிருக்கிறார் போலிருக்கிறது.

“மந்திரி புசார் மறுபடியும் வந்துட்டாங்க,” என்றார். எல்லாரும் பார்க்க நடந்து வந்து சாவியை என் வாளிக்குள் போட்டார். தகர வாளி, டங்கென்று கேட்டது.

அன்று சாயங்காலம் தேவி உள்ளே போய், விசிறிக்குக் கீழே இருந்த நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். மண்டோர், லோரிக்காரர்கள், கிராணி எல்லாரும் பத்திரிகைக்காகக் காத்திருந்தார்கள். அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பிறகுதான் பத்திரிகையைக் கீழே வைத்தாள்.