திரும்பி வந்த கால்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அனுப்பிய சரக்கு திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரிஜெக்ட். வேனிலிருந்து பெட்டி இறங்குவதைப் பக்கத்துப் பட்டறைக்காரர் பார்ப்பதற்குள் உள்ளே இழுத்துவிட வேண்டும். பிறகு பிசிறு தட்டி, பஃப் சக்கரத்தில் காட்டி, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பாக்கி, புதுக் காகிதத்தில் சுற்றி, ஒன்றுமே நடக்காதது போல அனுப்ப வேண்டும். எங்கள் முதலாளி இதில் மன்னன். நான் அங்கே அளவு பார்க்கிறவள். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்துபோகிறேன். தினமும் ஒரு சண்டை போடாவிட்டால் எனக்கும் சோறு இறங்காது, அவருக்கும் இறங்காது.

இப்படிப்பட்ட பட்டறைக்குத்தான் ராக்கெட் வேலை வந்தது. பூந்தமல்லிப் பக்கம் சில இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. மேலே போகும் ராக்கெட்டின் அடிப்பகுதியைக் கடலில் விட்டுவிடாமல், நின்ற வாக்கில் தரையிறக்கி, மறுபடியும் ஏவ வேண்டும் என்பது அவர்கள் திட்டம். பூமியைச் சுற்றி வருவதெல்லாம் பிறகு. முதலில் ஒரு சின்ன சோதனை ராக்கெட் தென்னை மர உயரத்துக்கு எழும்பி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, இறங்கி உட்கார வேண்டும். அது உட்காருவதற்கான நான்கு கால்களின் அலுமினிய மூட்டுகளைத்தான் நாங்கள் செய்து கொடுத்தோம்.

"ஒரு தபா போய்ட்டு வந்தது, திரும்பியும் போவுமா தம்பி?" என்று முதலாளி, வேலையைக் கொண்டுவந்த இன்ஜினியர் பையனிடம் கேட்டார். அவன் தெற்கத்திக்காரன்.

"அதுக்குத்தானே அண்ணே இவ்வளவு பாடு. அதே காலுதான் திரும்பப் போகணும்."

அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. காலமெல்லாம் லாரி உதிரிபாகம் செய்தவர். எது எந்த லாரியில் ஓடுகிறது, எங்கே உடைந்து கிடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. இது அப்படியில்லை. தன் பட்டறையில் செய்த ஒன்று மேலே போய், வந்து, மறுபடி போவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். டீக்கடையில் சொன்னார். பாடி சிக்னலில் பக்கத்தில் நின்ற வண்டிக்காரரிடமும் சொன்னார். மனுஷனுக்குக் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

சோதனை வீடியோ போனில் வந்தது. புகை, நெருப்பு, எழும்பியது, நின்றது, இறங்கியது. தரையைத் தொட்டதும் லேசாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது. முதலாளி விரலை வாயில் வைத்து விசிலடித்தார். "நம்ம காலும்மா அது! எப்டி நிக்குது பாரு!" எனக்கும் ஜிவ்வென்றுதான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மூட்டுகளைக் கழற்றி, அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கே அனுப்பினார்கள். பெட்டி வந்த சனிக்கிழமை நான் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் என் மேஜையில் நான்கும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கரி இல்லை, ஒரு கீறல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வேறு.

"இன்னாமா அப்டி பாக்குற? கன்னங்கரேல்னு வந்துச்சு. நானே உக்காந்து பஃப் போட்டேன். புச்சு கணக்கா கீதா?"

அட ராமா! இவரை என்ன செய்வது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான். மதியம் இன்ஜினியர் பையன் வந்தான். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணே, நெருப்பு எந்தப் பக்கம் பட்டுச்சுன்னு அந்தக் கரிதான் சொல்லும்," என்றான். "விரிசல் இருக்கான்னு சாயம் தடவிப் பாப்போம். பஃப் போட்டா மேல இருக்கிற அலுமினியம் இழுபட்டு விரிசலோட வாயை மூடிரும். சாயம் உள்ள இறங்காது. மேல்தோலை அரிச்சு எடுத்துட்டுப் பாக்கலாம். ஆனா அளவு குறைஞ்சுரும்."

"அப்போ விரிசல் கீதுன்றியா?"

"இருக்கா இல்லையான்னே தெரியாதுண்ணே. தெரியாததை மறுபடி மேல அனுப்ப முடியாது."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நல்லாத்தானேம்மா நின்னுச்சு," என்றார். அன்றைக்கு நான் சண்டை போடவில்லை; நான்கையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

நல்ல வேளை, வேலையை எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. அடுத்த சோதனைக்குப் புது மூட்டுகள் செய்து கொடுத்தோம். வீடியோ வந்தபோது அவர் விசிலடிக்கவில்லை. பக்கத்தில் வந்துகூடப் பார்க்கவில்லை. "நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டார். நின்றது என்றேன்.

பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இழுக்கப் போன ஆட்களைத் தடுத்து, கேட் பக்கத்திலேயே, வெயிலில் வைத்துத் திறக்கச் சொன்னார். நான்கும் கரி அப்பிக் கிடந்தன. ஒன்றின் ஓரத்தில் நீளமாக ஒரு கீறல். பக்கத்துப் பட்டறைக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"இன்னா நைனா, ரிஜெக்ட்டா?"

முதலாளி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இல்ல மச்சான்," என்றார். "மேல போய்ட்டு வந்துகீது. திரும்பியும் போவணும். கிட்ட வந்து பாரு, தொடாத."